24 மூங்கில் குச்சிகளும் கொட்டாஞ்சேனையின் கதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. போயா லீவு நாளில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கினால் போதும், ஒவ்வொரு வருடமும் எம்மிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், எங்கட பிள்ளையும் வெசாக் கூடு செய்யணுமா?" சிலர் தயக்கத்தோடு கேட்பார்கள். சிலர் கோபமாகக் கேட்பார்கள். வட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு குரல் பதிவைப் போட்டுவிட்டால் அன்று முழுக்க அதுதான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, தெரிந்த வரலாற்றை ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்று நினைத்தோம். "நாம்" என்று எழுதுவது இந்த வேலையை வகுப்பில் சேர்ந்து செய்யும் ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிற மதத்தாருக்கு ஒப்பாகுதல் பற்றிய கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, எமது வேலை அல்ல. எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆனால் அந்தக் கூடு எங்கிருந்து வந்தது, அந்த விடுமுறை யாருடைய கண்ணீரில் வந்தது, அதில் எங்கள் சமூகத்தின் இரத்தம் எங்கே சிந்தியது என்பதெல்லாம் வரலாறு. அதைச் சொல்லிக் கொடுப்பது எமது வேலைதான்.

குளிர் நாடுகளில் பனி உருகி வசந்தம் வரும்போது ஈஸ்டருக்கு ஃபெல்ட் துணியில் பூக்கள் வெட்டி, வளையமாகத் தைத்து, வாசல் கதவில் மாட்டுவார்கள். ஆசிரியர் கலாசாலையில் கைப்பணிப் பாடத்துக்காக நாமும் ஒரு தடவை அப்படி ஒன்றைச் செய்திருக்கிறோம். அழகாகத்தான் வந்தது, ஆனால் கொழும்பு வெக்கையில் கம்பளித் துணியை யார் வாசலில் மாட்டுவது! எமக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் மார்ச் கடைசியில் இருந்து மே நடுப்பகுதி வரை கொழும்பின் வாசல்கள் மாறிக்கொண்டே இருக்கும். குருத்தோலை ஞாயிறு வரும், கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் தென்னங்குருத்தில் சிலுவை பின்னிக்கொண்டு கோயிலில் இருந்து வருவார்கள். சித்திரை முதலாம் நாள் வரும், வெள்ளவத்தையில் மாவிலைத் தோரணமும் கோலமும் வாசலுக்கு வரும். பிறகு வெசாக். அதற்குக் கூடு.

எல்லாமே கையால் செய்வது. எல்லாவற்றுக்கும் பொருள் இந்த மண்ணிலேயே கிடைக்கிறது. தென்னங்குருத்தைப் பாருங்கள். கோயில் தோரணத்திலும் அதுதான், சிங்களவர்கள் பிரித் ஓதும் மண்டபத்தை அலங்கரிக்கும் கொக்கொலவும் அதுதான், கத்தோலிக்கரின் சிலுவையும் அதுதான். எங்கள் பழைய கலியாணப் பந்தல்களிலும் அது தொங்கியிருக்கிறது. சொற்களும் அப்படியே. நாங்கள் கூடு என்கிறோம், அவர்கள் கூடுவ என்கிறார்கள். எங்களுக்குத் தோரணம், அவர்களுக்குத் தொரண. வீதியோரத்தில் வரிசையில் நின்று சோறு வாங்கும் தன்சல் வேறொன்றும் இல்லை, தானசாலை.

இனி கொட்டாஞ்சேனைக்கு வருவோம். வெசாக் விடுமுறையின் கதை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. அங்கே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் பெரிய கோபுரம் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கொஞ்ச தூரத்தில் தீபதுத்தாராமய என்ற விகாரை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கே இருந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். பேச்சில் நெருப்பு. 1862இலேயே சங்கம் அமைத்து, அச்சகம் வைத்து, பாதிரிமாரின் துண்டுப்பிரசுரங்களுக்குப் பதில் துண்டுப்பிரசுரம் போட்டவர். 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு அவர் நடத்திய பகிரங்க விவாதம் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் நடந்தது. அந்த விவாதத்தின் ஆங்கில வடிவத்தைப் படித்துத்தான் அமெரிக்காவில் இருந்த கேர்ணல் ஒல்கொட் இலங்கையின் பக்கம் திரும்பினார். 1880 மே மாதம் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு காலியில் வந்து இறங்கினார்.

அந்தக் காலத்தை எமது பிள்ளைகள் கற்பனை செய்வது கஷ்டம். இன்று பௌத்தம் அரசியலமைப்பில் முதன்மை இடம் பெற்ற மதம். அன்று அப்படி இல்லை. ஆட்சி பிரித்தானியரிடம். நத்தாருக்கு விடுமுறை உண்டு, பெரிய வெள்ளிக்கு விடுமுறை உண்டு. நாட்டின் பெரும்பான்மையோரின் மிகப் பெரிய நாளுக்கு விடுமுறை இல்லை. தொகையில் கூடியவர்கள், அதிகாரத்தில் குறைந்தவர்கள். இதை நாம் சொல்லும்போது வகுப்பில் சில பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். யார் பலசாலி, யார் பலவீனன் என்பது நிரந்தரமாக எழுதி வைத்தது அல்ல என்று அவர்களுக்கு அப்போதுதான் முதல் தடவை தோன்றுகிறது.

1883 தொடக்கத்தில் தீபதுத்தாராமயவில் புதிய சிலை ஒன்றுக்கான பெரிய விழா நடந்துகொண்டிருந்தது. வாரக்கணக்கில் நீண்ட விழா. ஒவ்வொரு ஊராக, காணிக்கைப் பொருட்களோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அதே நேரம் கத்தோலிக்கருக்கோ தவக்காலம், புனித வாரம். பேராலயத்தின் இப்போதைய கட்டடம் அப்போது இன்னும் கட்டி முடியவில்லை, ஆனால் மக்கள் இருந்தார்கள், நெருக்கமாக இருந்தார்கள். பறை மேளச் சத்தம் ஒரு பக்கம், துக்க வழிபாடு மறுபக்கம். இரண்டு தெருவுக்குள் இரண்டு உலகம். இதோடு ஒரு வதந்தியும் கிளம்பியது. பௌத்தர்கள் ஊர்வலத்தில் சிலுவையில் குரங்கை வைத்துக் கொண்டுவருகிறார்கள், மாதாவை இழிவுபடுத்துகிறார்கள் என்று.

மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளைப் பக்கம் இருந்து புறப்பட்ட ஊர்வலம் கொட்டாஞ்சேனைக்கு வரும் வழியில் தாக்கப்பட்டது. தடிகள், கற்கள். ஒரு பௌத்தர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். வண்டி இழுத்து வந்த மாடுகளையும் விடவில்லை. அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. கடைசியில் போதிய சாட்சி இல்லை என்று யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

கலவரத்தில் பாதிக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் பக்கம் பார்த்து நிற்பதும், சாட்சி இல்லை என்று கோப்பு மூடப்படுவதும் எமக்குப் புதிய கதையா? பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நாம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறோம். 1884 ஜனவரியில் பௌத்த பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஒல்கொட்டைத் தமது பிரதிநிதியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் குடியேற்ற நாடுகள் அமைச்சில் மனுக் கொடுத்தார். கலவரத்துக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் வேறு சில கோரிக்கைகள் அசைந்தன. ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் காலத்தில், 1885இல், வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையானது. அதே வருட வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதல் முதலாகப் பகிரங்கமாக ஏற்றப்பட்டது. ஏற்றியவர் குணானந்த தேரர், இடம் அதே தீபதுத்தாராமய. இன்று ஜப்பான் வரை பறக்கும் அந்தக் கொடியைக் கொழும்பில் ஒரு குழு உட்கார்ந்து வரைந்தது. 1950இல் உலக பௌத்தர் சங்கம் கண்டியில் கூடி அதை எல்லா பௌத்தருக்கும் பொதுவாக ஏற்றது. ஆரம்பம் எமது கொட்டாஞ்சேனைச் சந்துக்குள்.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கியது 1883 ஜனவரியில், அதாவது கொட்டாஞ்சேனைக் கலவரத்துக்கு இரண்டரை மாதம் முன்னால். கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882 டிசெம்பரில். அவருடைய 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது 1885, வெசாக் விடுமுறை கிடைத்த அதே வருடம். ஒல்கொட்டின் ஆட்கள் பாடசாலை கட்டுவதைப் பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்கும் நவீன பாடசாலை வேண்டும் என்று சித்திலெப்பை மருதானையில் இறங்கி வேலை செய்தார். அவர்கள் 1886இல் ஆனந்தாவை ஆரம்பித்தார்கள், நாம் 1892இல் ஸாஹிராவை ஆரம்பித்தோம். பிற்காலத்தில் ஸாஹிராவைத் தூக்கி நிறுத்திய அதிபர் டி. பி. ஜாயா, ஸாஹிராவுக்கு வருமுன் படிப்பித்த பாடசாலைகளில் ஒன்று ஆனந்தா. இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்த காலம் அது.

பார்த்துப் பழகுவதில் எதிரியும் விலக்கில்லை. இன்று நாம் பார்க்கும் வெசாக்கின் தெருக்கோலத்தில் நத்தாரின் சாயல் நிறைய உண்டு. வெசாக் வாழ்த்து அட்டை, வெள்ளை உடுத்த பிள்ளைகள் வண்டியில் இருந்து பாடும் பக்திப் பாடல் எல்லாம் நத்தார் அட்டையையும் கரோலையும் பார்த்து அந்த மறுமலர்ச்சிக் காலத்தில் வளர்ந்தவை. 1898இல் தொடங்கிய பௌத்த வாலிபர் சங்கமும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் அச்சில் வார்த்ததுதான். கல்லெறிந்து சண்டை பிடித்த இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! வெசாக் கொண்டாட்டம் மட்டும் பழையது. துட்டகைமுனு மன்னன் 24 தடவை வெசாக் விழா எடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. எமது கூட்டுக்கும் 24 குச்சிகள் வேண்டும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு எண் மனதில் நிற்கும் என்று வகுப்பில் சேர்த்தே சொல்வோம்.

இதுவரை படித்துவிட்டு "ஆகா, எவ்வளவு அழகு" என்று நிறுத்திவிட வேண்டாம். இந்த வரலாற்றில் எமக்கு வலிக்கும் அத்தியாயமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கூடு கட்டச் சொல்வது பொய்.

1915 மே 28, வெசாக் இரவு. கண்டி காசில் ஹில் வீதியில் இருந்த பள்ளிவாசலுக்கு முன்னால் வெசாக் பாடல் வண்டிகள் வந்தன. அதற்கு முன்பே கம்பளையில், பள்ளிவாசலைத் தாண்டும்போது பெரஹரா மேளத்தை நிறுத்த வேண்டுமா இல்லையா என்று பெரிய வழக்கு நடந்து, கண்டி மாவட்ட நீதிமன்றம் ஒரு பக்கமும் உயர் நீதிமன்றம் மறுபக்கமும் தீர்ப்புச் சொல்லி, மனங்கள் ஏற்கெனவே புண்ணாகியிருந்தன. அன்று இரவு பள்ளிவாசல் முன்னால் வாக்குவாதம், கல்வீச்சு. மறுநாளில் இருந்து கடைகள் எரிந்தன. சில நாட்களில் அது கொழும்புக்கும் மேற்கு, தெற்குக் கரைகளுக்கும் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. பிறகு இராணுவச் சட்டத்தின் பேரில் சிங்களவர்கள் மீது பிரித்தானியர் காட்டிய கொடுமையும் சின்னதல்ல. அதைக் கண்டித்து சேர் பொன்னம்பலம் இராமநாதன் லண்டன் வரை போனார். சிங்களவர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள், எங்கள் சமூகத்தில் அது நெடுநாள் ஆறாத மனக்குறையானது. அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும், இங்கே விட்டுவிடுகிறோம்.

ஆக, 1883இல் கிறிஸ்தவர்களின் பெருநாளில் பௌத்தர்கள் அடிபட்டார்கள். 32 வருடங்கள் கழித்து பௌத்தர்களின் பெருநாளில் தொடங்கி முஸ்லிம்கள் அடிபட்டார்கள். இரண்டிலும் ஊர்வலம், இரண்டிலும் மேளம், இரண்டிலும் வணக்கஸ்தலத்தின் வாசல்.

2019ஐ எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் கொட்டாஞ்சேனையைப் பற்றி எழுதுகிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது. ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டைச் சுமந்து வந்தவன் எங்கள் பெயரைச் சுமந்தவன். அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாம் படிப்பித்த, பக்கத்து வீட்டில் இருந்த, செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்தப் போகும் மனிதர்களின் ஆலயம் அது. மூன்று வாரம் கழித்து, மே 12, 13இல், குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மே 18 வெசாக். அந்த வருடம் கூடுகளே குறைவு. பாதுகாப்புக் காரணத்தால் பெரிய கூட்டங்கள் இல்லை, பந்தல்களில் பழைய களை இல்லை. கொச்சிக்கடை ஆலயம் ஜூன் 12இல்தான் மீண்டும் திறந்தது.

அந்த வருடத்துக்குப் பிறகுதான் "கூடு செய்யணுமா" என்ற கேள்வியின் தொனி மாறியது. முன்பு அது மார்க்கக் கேள்வியாக மட்டும் இருந்தது. பிறகு அதற்குள் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடு தொங்கவிடாத வீடு எது என்று பார்ப்பார்களோ என்று பயந்து கடையில் ஒன்றை வாங்கித் தொங்கவிட்டவர்களையும் நமக்குத் தெரியும். பிள்ளை கூடு செய்தால் மார்க்கமே போய்விடும் என்று பயந்து அன்று பிள்ளையைப் பாடசாலைக்கே அனுப்பாதவர்களையும் நமக்குத் தெரியும். வெள்ளவத்தையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள், 1983 ஜூலைக்குப் பிறகு அவர்களுக்கும் இந்த முதல் வகைப் பயம் தெரியும். இரண்டு பயமும் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்காது என்பது எமது அபிப்பிராயம். கதை தெரிந்த பிள்ளை கூட்டைச் செய்தாலும் சரி, "எனக்கு வேண்டாம் டீச்சர்" என்று மரியாதையாகச் சொன்னாலும் சரி, அது அதன் சொந்த முடிவாக இருக்கும். கதை தெரியாத பிள்ளைக்கு யாரோ ஒருவரின் வதந்திதான் பாடப்புத்தகம். 1883இல் சிலுவையில் குரங்கு என்ற கதை. 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்ற கதை. 135 வருடங்கள் போயும் வதந்தியின் அச்சு மாறவில்லை.

இன்னொரு செய்தியையும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். வெசாக்கை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச அளவில் அங்கீகரித்தது 1999 டிசெம்பரில், 54/115ஆம் இலக்கத் தீர்மானத்தால். அதற்காகப் பாடுபட்டவர் அப்போதைய எமது வெளிநாட்டு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். அவர் தமிழர், கிறிஸ்தவர். பௌத்தர்களின் நாளுக்காக உலக சபையில் வாதாடியவர். 2005இல் அவர் கொழும்பில் கொல்லப்பட்டார். மற்றவருடைய நாளை மதிப்பதால் தன்னுடையது கரைந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு எம்மிடம் உள்ள சுருக்கமான பதில் இவர்தான்.

சரி, கூட்டுக்கு வருவோம். எம்மைப் பொறுத்தவரை அது முதலில் கணிதப் பாடம். கடைகளில் பிளாஸ்டிக்கில் மடித்து வரும் கூடுகளைப் பற்றி நாம் பேசவில்லை. அலங்காரங்களுக்குப் பொலித்தீன் பாவிக்கக்கூடாது என்று 2017 செப்டெம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது, அதை மதிப்பவர்கள் குறைவு என்பது வேறு கதை. நாம் சொல்வது மூங்கிலும் தாளும் நூலும் பசையும் கொண்டு கையால் செய்யும் கூடு. சிங்களத்தில் அட பட்டம என்பார்கள், எட்டுப் பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நீளமான 24 குச்சிகள். ஆரம்பிப்பவர்களுக்கு 12 அங்குலம் போதும். நான்கு நான்காக எடுத்து, முனைகளை நூலால் கட்டி, 6 சதுரங்கள் செய்ய வேண்டும். பிறகு ஒரு சதுரத்தைத் தரையில் படுக்க வைத்து, அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சதுரத்தை மூலையில் நிற்கிற மாதிரிக் கட்ட வேண்டும், பட்டம் நிற்கிற மாதிரி. இப்போது நான்கு சதுரங்கள் சுற்றி நிற்கும். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களின் நடு மூலைகளை ஒன்றோடொன்று கட்டுங்கள். கடைசியாக ஆறாவது சதுரத்தை மேலே வைத்து நான்கு மூலைகளையும் கட்டினால் கூடு தானாக எழுந்து நிற்கும். சதுரங்களை இணைக்க மொத்தம் 12 முடிச்சு. ஒரு முக்கோணமும் நாம் செய்யவில்லை, ஆனால் எண்ணிப் பாருங்கள், இடைவெளிகளில் 8 முக்கோணங்கள் வந்திருக்கும். தரம் 7 பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கும்போது போடும் சத்தத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார்.

கொஞ்சம் பெரிய வகுப்புக்கு இன்னொரு கேள்வி. 12 அங்குலக் குச்சியில் செய்த கூட்டின் உயரம் எவ்வளவு? அளந்து பார்க்காமல் சொல்ல வேண்டும். பக்கவாட்டுச் சதுரம் மூலையில் நிற்பதால் அதன் மூலைவிட்டம்தான் கூட்டின் உயரம். பைதகரசைப் பிடித்தால் ஏறத்தாழ 17 அங்குலம். இதே தேற்றத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். முடிச்சுப் போட்ட பிள்ளைக்கு அது கையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பட்டம் கட்டத் தெரிந்த வாப்பாமாருக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, சிறு நெருப்பில் கிண்டிக்கொண்டே காய்ச்சினால் பசை. டிஷ்யூ தாளை அளவைவிட அரை அங்குலம் கூட்டி வெட்டி, விளிம்பைக் குச்சியின் மேல் மடித்து ஒட்ட வேண்டும். சதுரங்களுக்கு ஒரு நிறம், முக்கோணங்களுக்கு வேறு நிறம். மேல் சதுரத்தை மட்டும் ஒட்டாமல் விடுங்கள், விளக்கு வைக்கவும் சூடு வெளியேறவும். கீழ் மூலைகளில் தாளை மடித்து வெட்டிய வால்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூங்கிலுக்குப் பதில் ஈர்க்கு போதும், கையும் வெட்டாது.

தாள் கிடைக்காத காலமும் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தாள் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அந்த வெசாக்குக்கு எங்கள் பிள்ளைகள் பழைய பயிற்சிப் புத்தகத் தாள்களில் கூடு ஒட்டினார்கள். வெளிச்சம் போட்டபோது பெருக்கல் கணக்கும் சரி, பிழை என்று போட்ட சிவப்பு மைக் குறியும் வெளியே தெரிந்தன. நாம் பார்த்த கூடுகளில் அதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

அதைத் தொங்கவிடுவதா, எங்கே தொங்கவிடுவது என்பதைக் குடும்பங்கள்தான் முடிவு செய்கின்றன. சில முஸ்லிம் பிள்ளைகள் சட்டத்தை மட்டும் கட்டி, தாள் ஒட்டாமல், கணித மூலையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கும் புள்ளி உண்டு. சிலர் செய்து முடித்துப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வட்டிலப்பம் போன வீட்டில் இருந்து வெசாக்குக்கு ஒரு தட்டு திரும்பி வருவது கொழும்பில் புதுமையும் இல்லை. ஒரு வருடம் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி, குருத்தோலை ஞாயிறில் சிலுவை பின்னி மிஞ்சிய காய்ந்த ஓலையைக் கொண்டுவந்து வால் செய்தாள். கத்தோலிக்கப் பிள்ளை. 1883இல் அந்தத் தெருவில் தடியோடு நின்றவர்களும் அவளுடைய ஊர்க்காரர்கள்தான் என்று பாடத்தில் வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அடிச்சவங்கட பேர் புத்தகத்தில இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். தண்டனையே கிடைக்காதவர்களின் பெயரைப் பாடப்புத்தகத்தில் எங்கே தேடுவது?

இந்த வருடமும் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். விரும்பும் பெற்றோர் பிள்ளையோடு வந்து உட்காரலாம். மூங்கில் வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், புறக்கோட்டையில் இருந்து மொத்தமாக எடுத்துப் பிளந்து வைத்திருப்போம். நூலும் பழைய பத்திரிகைத் தாளும் மட்டும் கொண்டு வாருங்கள். வீட்டில் கூட்டுக்குள் மெழுகுதிரி வைக்க வேண்டாம், தோட்டப் பக்கம் நெருக்கமான பலகை வீடுகள் இருக்கின்றன, சின்ன எல்இடி மின்குமிழ் போதும். குச்சி சீவும்போது கத்தியை எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கமாக ஓட்டச் சொல்லிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு தடவை காட்டி அனுப்புங்கள்.